சந்தனத் தைலம்: சுத்தம் வேறு, மணம் வேறு

சந்தனத் தைலம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி "இது ஒரிஜினலா?" என்பதுதான். நியாயமான கேள்வி. கிலோ லட்சக்கணக்கில் விலைபோகும் பொருளில் கலப்படம் நடக்காமல் இருக்காது. ஆனால் "ஒரிஜினல்தான்" என்று உறுதியான பிறகும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஒரே மரவகையிலிருந்து எடுத்த, துளிக் கலப்படமும் இல்லாத இரண்டு தைலங்கள் வேறு வேறாக மணக்கும். ஒன்று பால் வாசத்தோடு குழைவாக, மெல்லிய இனிப்போடு நாள் முழுக்க நிற்கும். இன்னொன்றில் பச்சை மரத்தூள் வாடை தூக்கலாக இருக்கும், சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். ஆய்வகச் சான்றிதழில் இரண்டுக்கும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம்.

எது நல்ல தைலம் என்பதற்கு வேதியியலாளர் ஒரு பதில் வைத்திருக்கிறார். உத்தரப் பிரதேசத்து அத்தர் ஊரான கன்னோஜில் வடிப்பவரிடம் இன்னொரு பதில் இருக்கிறது. பாரிஸில் சென்ட் உருவாக்குபவர், சோப்பு ஆலை வைத்திருப்பவர், மரம் வளர்க்கும் விவசாயி என்று ஆளுக்கொரு பதில். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேலைக்கு எது வேண்டுமோ அதைத் தரம் என்கிறார்கள். வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாதவரை, ஒருவருடைய அளவுகோலில் உள்ள சான்றை வைத்து இன்னொருவருடைய தரத்தை விற்பது எளிது. சந்தையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

90 சதவீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது

சந்தனத் தைலத்தின் உயிர் சாண்டலால் என்ற ஆல்கஹால் வகைச் சேர்மம். ஆல்பா, பீட்டா என்று இரண்டு முக்கிய வடிவங்கள். "90 சதவீத சாண்டலால்" என்பது இன்றும் விளம்பரங்களில் அடிபடும் எண். அதன் கதை தெரிந்தால் பல குழப்பங்கள் தீரும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவுக்குச் சந்தனத் தைலம் முதன்மையாக மருந்தாகவே தேவைப்பட்டது. வெட்டை நோய்க்கு அதைக் கேப்சூல்களில் அடைத்து விழுங்கக் கொடுத்தார்கள். மருந்து என்றால் ஓர் அளவு வேண்டும் அல்லவா? மருந்துநூல்கள் குறைந்தது 90 சதவீத சாண்டலால் என்று வரம்பு வைத்தன. அதை அளந்த முறைதான் கவனிக்க வேண்டியது. தைலத்தை அசெட்டிக் அன்ஹைட்ரைடுடன் சேர்த்துச் சூடாக்குவார்கள். அதிலுள்ள ஆல்கஹால்கள் எல்லாம் எஸ்டராக மாறும். எவ்வளவு எஸ்டர் உண்டானது என்று கணக்கிட்டு, அத்தனையும் சாண்டலாலிலிருந்து வந்ததாகவே எழுதிக்கொள்வார்கள். சாண்டலால் அல்லாத வேறு ஆல்கஹால்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அந்தக் காலத்தில் பிரித்துப் பார்க்க வழி இல்லை.

பிறகு கேஸ் குரோமட்டோகிராஃபி வந்தது. ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியாக நிறுத்திக் காட்டும் கருவி. இந்தியச் சந்தனத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 3518, அந்த முறைப்படி ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம் என்று வரம்பு வைக்கிறது. இரண்டின் மேல் வரம்புகளையும் கூட்டினால்கூட 79தான் வருகிறது. 2004இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் சந்தையில் கிடைத்த தைலங்களையும் பழைய சேகரிப்பில் இருந்த தைலங்களையும் இந்தக் கருவியில் ஓட்டிப் பார்த்தார்கள். 90 சதவீத சாண்டலால் ஒன்றில்கூட இல்லை. சந்தையில் வாங்கிய தைலங்களில் ஐ.எஸ்.ஓ. வரம்புக்குள் வந்தவையே ஏறத்தாழப் பாதிதான்.

ஆக, யாராவது "குரோமட்டோகிராஃபி ரிப்போர்ட்டில் ஆல்பாவும் பீட்டாவும் சேர்ந்து 90" என்று காட்டினால் அது பெருமைப்பட வேண்டிய தைலம் அல்ல. ஒன்று ரிப்போர்ட்டில் கோளாறு இருக்க வேண்டும், அல்லது தைலத்தைத் திரும்பக் காய்ச்சி, சாண்டலால் பகுதியை மட்டும் பிரித்து எடுத்திருக்க வேண்டும். அப்படிப் பிரித்ததில் சாண்டலால் அதிகம் இருக்கும். ஆனால் சந்தனத்துக்கு அதன் முகத்தைத் தருகிற சிறு சேர்மங்கள் போயிருக்கும்.

அந்தச் சிறு சேர்மங்களை இந்த விவாதத்தில் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஆல்பா சாண்டலால் அளவில் பெரியது, ஆனால் மணத்தில் மெலிந்தது, கொஞ்சம் தேவதாரு சாயல் கொண்டது. நாம் சந்தனம் என்று அடையாளம் கண்டுகொள்ளும் அந்தக் குழைவான, பால் கலந்த மணத்தில் பெரும்பங்கு பீட்டா சாண்டலாலுடையது. அதன் அளவோ ஆல்பாவில் பாதிக்கும் குறைவு. இந்த இரண்டுக்கும் அப்பால் சாண்டலீன்கள், பெர்கமோட்டீன், ஆல்டிஹைடுகள் என்று ஓரிரு சதவீதத்தைத் தாண்டாத சேர்மங்கள் ஏராளம். அளவில் எதுவுமில்லை என்று தோன்றுகிற ஒரு சேர்மம் மூக்குக்குப் பெரிதாகத் தெரியலாம். சான்றிதழில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ஆய்வக எண்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கலப்படத்தைப் பிடிக்க அவற்றை விட்டால் வேறு ஆயுதம் கிடையாது. ஆனால் அவை பதில் சொல்லும் கேள்வி "இது சந்தனத் தைலம்தானா?" என்பது. "இது நல்ல சந்தனத் தைலமா?" என்று கேட்டால் எண்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

மரத்தின் வயது

மீதிப் பாதி மரத்துக்குள் இருக்கிறது. சந்தன மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டையில் மணம் கிடையாது. நடுவே வைரம் பாய்ந்த பகுதியில்தான் தைலம். வைரம் பாயத் தொடங்கவே பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகும். தொடங்கிய பிறகு ஒவ்வொரு வருடமும் அது அகலும், அடர்த்தியாகும், தைலமும் கூடும். பத்து வயது மரத்து வைரத்தில் தைலம் 2 சதவீதத்தைத் தொடுவதே அரிது. முப்பது, ஐம்பது வயது மரத்தில் 3 முதல் 5 சதவீதம் வரை பார்க்கலாம். அளவோடு நின்றுவிடுவதில்லை. வயதான மரத்துத் தைலத்தில் சாண்டலால் பங்கும் கூடுதல்.

ஒரே மரத்திலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. வேரில் தைலம் அதிகம், அடிமரத்தில் அதற்கு அடுத்தபடி, மேலே போகப்போகக் குறையும். அதனால்தான் சந்தன மரத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். திருப்பத்தூர் போன்ற வனத்துறைச் சந்தனக் கிடங்குகளில் கட்டையை ஏலத்துக்குத் தரம் பிரிக்கும் பழைய முறையில் விலாயத் பூத், சீனா பூத், பஞ்சம் என்றெல்லாம் வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பான விலாயத் பூத் என்பது கனமான, நேரான, வெடிப்பில்லாத கட்டை. சிற்பம் செதுக்குபவருக்கு அதுதான் முதல் தரம். தைலம் வடிப்பவர் கண் வைப்பதோ தனி வகுப்பில் கிடக்கும் கோணல்மாணலான வேர்த் துண்டுகளின் மேல். கிடங்கிலேயே, கட்டையாக இருக்கும்போதே, தரம் என்ற சொல் ஆளுக்கு ஏற்ப மாறிவிடுகிறது.

மண்ணுக்கும் பங்கு உண்டு என்பது வனத்துறைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. செழிப்பான மண்ணில் மரம் மளமளவென்று வளரும், வைரம் அவ்வளவு சேராது. சரளை கலந்த செம்மண்ணில், மழை குறைந்த சரிவில், மெதுவாக வளர்ந்த மரத்தில் வைரம் நன்றாக இருக்கும். மைசூர்ப் பீடபூமி, ஜவ்வாது மலை, சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகள், உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில் மழைமறைவில் கிடக்கும் மறையூர் என்று பெயர் பெற்ற சந்தன நிலங்களை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் இப்படிப்பட்ட காய்ந்த மலைப்பக்கமாகவே இருக்கின்றன.

இதைப் படிக்கும் விவசாயிகள் சிலராவது இருப்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்பு சொந்த நிலத்தில் நிற்கும் சந்தன மரம்கூட அரசுக்கே உரியது என்ற நிலை இருந்தது. மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் அதை அரசுக்கே உரிய மரமாக அறிவித்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்திய பிறகு பட்டா நிலத்தில் சந்தனம் நடுவது பரவலானது. சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் செருகி உணவெடுக்கும் மரம் என்பதால், துவரை, சவுக்கு என்று துணைச்செடிகளோடு நடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் கன்று விற்பவர்கள் சிலர் பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் கோடிகள் கிடைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அந்த வயதில் வைரமே விரலளவு பாய்ந்திருக்கலாம். அப்புறம் திருட்டு பயம். மணம் வந்துவிட்ட மரத்தை ராத்திரி வந்து அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், காத்திருக்க நினைக்கும் விவசாயியும் முன்கூட்டியே வெட்ட அனுமதி கேட்கிறார். விளைவு, இளம் மரத்துத் தைலம் சந்தையில் பெருகுகிறது. பல சமயம் அது ஐ.எஸ்.ஓ. வரம்புக்குள்ளும் வந்துவிடும். கலப்படமும் இருக்காது. மணம் மட்டும் மெலிந்திருக்கும்.

இந்தப் போக்கின் பெரிய உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கில், குனுனுரா பக்கம், ஆர்ட் ஆற்றுப் பாசனத்தில் நம் இந்தியச் சந்தனத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டிருக்கிறார்கள். பதினைந்து வருட அளவில் அறுவடை. மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்ட முடிகிற, கள்ளக்கட்டை கலக்காத, ஒவ்வொரு தொகுதியும் (பேட்ச்) ஒரே மாதிரி இருக்கிற தைலம் வேண்டும் என்கிற பெரிய நிறுவனங்களுக்கு இது மிகப் பெரிய வசதி. காட்டிலிருந்த முதிய மரத்துத் தைலத்தை முகர்ந்து பழகியவர்கள் இதை மென்மையானது, உடம்பு குறைந்தது என்பார்கள். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறது. இயற்கைச் சந்தனம் 1998 முதல் அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் இருக்கும்போது, தோட்டத் தைலத்தைக் குறை சொல்லிக்கொண்டே காட்டுத் தைலத்தைக் கேட்பது சரியில்லை என்பது என் கருத்து. தோட்டத்து மரத்தை இன்னும் பத்து வருடம் நிற்கவிடுங்கள் என்று கேட்பதுதான் நியாயம்.

வாலையில் என்ன நடக்கிறது

நல்ல கட்டை கிடைத்தாலும் வாலையில், அதாவது தைலம் வடிக்கும் கலத்தில், கெடுக்கலாம். சாண்டலாலின் கொதிநிலை சுமார் 300 டிகிரி. நீராவி அதைத் தூக்கிக்கொண்டு வரும், ஆனால் மிக மெதுவாக. எலுமிச்சைப்புல்லில் சில மணி நேரத்தில் முடிகிற வேலை சந்தனத்தூளுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முதல் மணி நேரங்களில் வருவது சாண்டலீன் போன்ற இலேசான சேர்மங்கள், கொஞ்சம் காரமான மர வாடையோடு. கனமான சாண்டலால்கள் பின்னால்தான் வரும். விறகையும் கரண்டையும் மிச்சம் பிடிக்க நினைத்து அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் தைலத்தின் அடித்தளமே வாலையில் தங்கிவிடும். நேரத்தைச் சுருக்க அழுத்தத்தை ஏற்றினால் கருகல் வாடை ஏறும். வடித்து முடித்த சக்கையை ஊதுவத்திக்காரர்கள் வாங்கிப் போவார்கள். சக்கையில் மணம் தூக்கலாக இருந்தால் வடிப்பு பாதியிலேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம். வடிப்பவர்கள் ஒருவரையொருவர் எடைபோடுவதும் இதை வைத்துத்தான்.

வாலையிலிருந்து புதிதாக இறங்கிய தைலத்தில் ஒரு வேக்காட்டு வாடை இருக்கும். மூடி வைத்தால் மாதக்கணக்கில் அது அடங்கி மணம் உருண்டு திரளும். புது அரிசியைவிடப் பழைய அரிசிக்கு வீட்டில் மரியாதை இருப்பது மாதிரிதான். அத்தர்க்காரர்கள் பழைய தைலத்துக்கு அதிக விலை கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆய்வகத்தில் புதியதும் பழையதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும்.

மைசூருக்குப் பெயர் வந்த கதையும் இங்கேதான் வரும். முதல் உலகப் போருக்கு முன்பு மைசூர் அரசு கட்டையை விற்றது, தைலத்தை ஐரோப்பியர்கள் வடித்தார்கள். 1914இல் போர் வந்து அந்தச் சந்தை அடைபட்டது. கட்டைகள் தேங்கிக் கிடந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் உதவியோடு உள்ளூரிலேயே வடிக்கும் முயற்சி தொடங்கி, 1916இல் மைசூரில் அரசுத் தைல ஆலை வந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விஸ்வேஸ்வரய்யா திவான். இரண்டு வருடத்தில் மைசூர் சாண்டல் சோப்பும் வந்தது. முதிய காட்டு மரங்கள், வேரும் அடிமரமும் கலந்த கட்டை, அவசரமில்லாத வடிப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைந்ததால் அங்கே வந்த தைலம் உலகம் முழுக்க அளவுகோலானது. இன்று "மைசூர்" என்று விற்கும் பல பாட்டில்களுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இருப்பதில்லை. ஊர்ப்பெயர் ஒரு மணத்தின் பெயராகிவிட்டது.

கன்னோஜின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே டேக் என்ற செம்புக் கொப்பரையில் பூவும் தண்ணீரும் கொதிக்கும். மூங்கில் குழாய் வழியாக ஆவி இறங்கும் பாத்திரத்தில், அதாவது பப்காவில், சந்தனத் தைலம் காத்திருக்கும். ரோஜா, மல்லி, தாழம்பூ, சுட்ட மண் என்று எதன் வாசம் வந்தாலும் அதைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேலைக்குத் தானே கூவி முன்னால் நிற்கிற சந்தனம் ஆகாது. அமைதியாக இருந்து, பூவைத் தூக்கிப் பிடித்து, கடைசியில் மட்டும் தலைகாட்டுகிற தைலம்தான் அத்தர்க்காரருக்கு முதல் தரம். சந்தனம் விலையேறிப்போனதால் பப்காவில் இப்போது பெரும்பாலும் தாலேட் வகைக் கரைப்பானோ லிக்விட் பாரஃபினோதான் ஊற்றுகிறார்கள். பூ வாசம் அதிலும் பிடிக்கிறது. ஆனால் பூ போன பின் அடியில் நிற்க எதுவும் இல்லை. மலிவு அத்தர் அரை நாளில் வெறும் எண்ணெயாகிவிடுவதற்கு இதுதான் காரணம்.

சந்தனம் என்ற பெயரில் வரும் மற்றவை

சந்தனக் குடும்பத்திலேயே பல மரங்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் சொந்தச் சந்தனமான சாண்டலம் ஸ்பிகேட்டம் தனி வகை. அதற்குத் தனி ஐ.எஸ்.ஓ. தரமே இருக்கிறது. ஆல்பா 15 முதல் 25, பீட்டா 5 முதல் 20 சதவீதம் என்று வரம்பு. கூடவே ஃபார்னெசால், பிசபோலால், நூசிஃபெரால் எல்லாம் கணிசமாக இருக்கும். மணம் வறண்டது, தொடக்கத்தில் பிசின் சாயல், பால் குறைவு. ஃபார்னெசால் ஒவ்வாமை தரக்கூடிய பொருளாக ஐரோப்பாவில் லேபிளில் குறிப்பிட வேண்டியது என்பதால், சருமத்துக்குப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தத் தைலம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. வறண்ட மர மணம் வேண்டுகிற சென்ட்களுக்கு இதையே தேடிப் போகிறவர்கள் உண்டு. இந்தியச் சந்தனம் என்று சொல்லி இதைத் தருவதுதான் தப்பு. நியூ கலிடோனியா, வனுவாட்டு, ஃபிஜி, ஹவாய் தீவுகளின் சந்தனங்களும் இதே குடும்பம்தான். சில தொகுதிகள் நம் சந்தனத்துக்கு மிக அருகில் வரும், சில தள்ளியே நிற்கும்.

மேற்கிந்தியச் சந்தனம் என்ற பெயரில் வரும் அமிரிஸ் வேறு கதை. அது எலுமிச்சைக் குடும்பத்து மரம், சந்தனமே அல்ல. செஞ்சந்தனம் இன்னொரு குழப்பம். அது சாயத்துக்கும் மரவேலைக்கும் போகும் மரம், அதில் இந்த மணம் இல்லை. "செஞ்சந்தன வாசனைத் தைலம்" என்று யாராவது நீட்டினால் தள்ளி நிற்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சந்தனாதித் தைலம் நல்லெண்ணெயில் பல சரக்குகளைக் காய்ச்சி எடுத்த தலைக்குத் தேய்க்கும் மருந்து எண்ணெய். அதன் வேலையும் விலையும் வேறு.

அப்புறம் செயற்கை மணங்கள். டர்பன்டைனிலிருந்து கிடைக்கும் சேர்மத்தை மூலமாக வைத்து சாண்டலோர், பாலிசாண்டால், ஜவானால் போன்றவற்றைத் தயாரிக்கிறார்கள். சாண்டலாலின் வேதி அமைப்புக்கும் இவற்றுக்கும் ஒற்றுமை குறைவு. ஆனால் மூக்கு சந்தனம் என்றே ஏற்றுக்கொள்கிறது, அதுவும் இயற்கைத் தைலத்தைவிடப் பல மடங்கு பலமாக. 1989இல் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட சம்சாரா என்ற சென்ட் மைசூர்ச் சந்தனத்தை மிகத் தாராளமாகப் பயன்படுத்தியதற்குப் பெயர்போனது. அதிலும் இயற்கைச் சந்தனம் எட்ட முடியாத வீச்சுக்காகப் பாலிசாண்டாலைச் சேர்த்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்த மணம். நுண்ணுயிரை நொதிக்கவைத்து உண்டாக்கும் சாண்டலாலும் 2020 முதல் சந்தையில் இருக்கிறது. மரத்தின் மேல் உள்ள பாரம் குறையும் என்பதால் இவற்றை நான் வரவேற்கிறேன், லேபிளில் உள்ளபடி சொல்லி விற்கும்வரை.

இதில் நமக்கு நேரடியாகப் படும் ஒரு விஷயம் இருக்கிறது. சோப்பு, பவுடர், ஊதுவத்தி, கார் சென்ட் என்று இன்று பெரும்பாலோர் தினமும் முகர்கிற சந்தன வாசனை செயற்கையானது. மூக்கு அதற்குப் பழகிவிட்டது. அப்படிப் பழகியவர் கையில் நல்ல இயற்கைத் தைலத்தைக் கொடுத்தால் "என்ன, வாசனையே இல்லையே, ஏமாத்திட்டாங்க" என்கிறார். உண்மைத் தைலம் முதல் ஐந்து நிமிடம் அடக்கமாகத்தான் இருக்கும். பாட்டிலைத் திறந்த உடனே அறை முழுக்கத் தூக்கியடித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். போதாததற்கு, சந்தன மூலக்கூறுகள் கனமானவை என்பதால் அவற்றில் சிலவற்றைச் சிலருடைய மூக்கு உணர்வதே இல்லை. இரண்டு பேர் ஒரே பாட்டிலுக்கு நேர்மாறான தீர்ப்புச் சொல்வது இதனாலும் நடக்கும்.

கல்லில் இழைத்த சந்தனத்தில் மூக்கைப் பழக்கியவர்களின் பிரச்சினை வேறு. கல்யாண வாசலில் கொடுக்கிற சந்தனமும் கோயில் காப்புச் சந்தனமும் தண்ணீரில், சூடு படாமல் இழைத்தவை. கட்டையின் குளிர்ந்த மண் வாசம் அதில் இருக்கும். மூன்று நாள் நீராவியில் வெந்து வந்த தைலத்தில் அது இருக்காது, வேறொரு ஆழம் இருக்கும். கட்டை மாதிரியே மணக்கவில்லை என்பதைத் தைலத்தின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வாங்கும்போது

வீடியோக்களில் சுற்றும் வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். தண்ணீரில் ஒரு துளி விட்டு மிதக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சந்தனத் தைலத்தின் அடர்த்தி 0.97, 0.98 அளவில், ஆமணக்கெண்ணெய் 0.96. இரண்டும் மிதக்கும். காகிதத்தில் கறை நின்றால் கலப்படம் என்பதும் ஆகாது. சந்தனத் தைலமே மெதுவாக ஆவியாவது, அதன் கறையும் நீண்ட நேரம் நிற்கும். கொஞ்சம் பயனுள்ளது பழைய ஆல்கஹால் சோதனை. 70 சதவீத ஆல்கஹால் ஐந்து பங்கில் ஒரு பங்கு சந்தனத் தைலம் தெளிவாகக் கரையும். ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தால் கலங்கும். ஆனால் கிளைக்கால் வகைக் கரைப்பான்கள் கலந்தால் இந்தச் சோதனையிலும் தப்பிவிடும். இந்திய வகையில் ஒளித்திருப்பு, அதாவது தைலத்தின் வழியே போகும் முனைவாக்கிய ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு, மைனஸ் 15 முதல் மைனஸ் 20 டிகிரிக்குள் இருப்பது வழக்கம். அதை அளக்கக் கருவி வேண்டும்.

ஆகவே குரோமட்டோகிராஃபி ரிப்போர்ட்டைக் கேளுங்கள், அதிலுள்ள தொகுதி எண் பாட்டிலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதோடு விற்பவரிடம் சில கேள்விகள்: தாவரப் பெயர் என்ன, மரம் எந்த ஊர், ஏறக்குறைய என்ன வயது, வேர் கலந்ததா, எந்த வருடம் வடித்தது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இவற்றில் பாதிக்காவது பதில் தெரிந்திருக்கும், தெரியாததைத் தெரியாது என்பார். எல்லாவற்றுக்கும் "மைசூர், நூறு சதவீதம்" என்பதையே பதிலாகச் சொன்னால் திரும்பி வந்துவிடலாம்.

அப்புறம் ஒரு காகிதப் பட்டையில் ஒரு துளி. உடனே முகர்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலையில் வேறெதுவும் முகரும் முன் ஒரு முறை. மேலோட்டமான வாடையெல்லாம் அதற்குள் போயிருக்கும். அப்போதும் அந்தக் குழைவும் இனிப்பும் பட்டையில் நின்றால் மரத்துக்கு வயது இருந்திருக்கிறது, வடித்தவரும் அவசரப்படவில்லை. எத்தனை சான்றிதழ் இருந்தாலும் முதலில் ஒரு மில்லி, இரண்டு மில்லி பாட்டிலாக வாங்கி இப்படிப் பார்த்துவிட்டுப் பெரியதுக்குப் போவது நல்லது. அடுத்த முறை அதே கடையில் வாங்கும்போதும் தொகுதி எண் மாறியிருந்தால் இதையே திரும்பச் செய்ய வேண்டும்.